துரு கற்பித்த பாடங்கள்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் நினைவுக்கு வருபவர்கள் மன்னர்கள், போர்கள், அவை நிகழ்ந்த ஆண்டுகள். ஆனால், மனிதன் மனிதனோடு நடத்திய போர்கள் மட்டுமே வரலாறு ஆகிவிடா. ஓசையின்றி, குருதி சிந்தாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்து வரும் போர் ஒன்று உண்டு. அதில் ஒரு பக்கம் மனிதனும் அவன் வடித்த இரும்பும், மறுபக்கம் துரு. அந்தப் போரின் வரலாற்றில் சில பகுதிகளையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். இவ்வரலாற்றை நான் நூலகத்தில் தொடங்கவில்லை. என் வீட்டுக் கொட்டகையில், ஒரு பழைய மோட்டார் காரின் அடியில் மல்லாந்து படுத்தவாறு தொடங்கினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாகப்பட்டினத்தில் கடற்காற்று வந்து தீண்டும் வீடு எங்களுடையது. என் தந்தையார் விட்டுச் சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று அங்கே நிற்கிறது. நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அவர் அதை வாங்கினார். அதன் பின்னிருக்கையில் அமர்ந்துதான் என் தங்கை மணப்பெண்ணாகக் கோவிலுக்குச் சென்றாள். ஓய்வு பெற்ற பிறகு, அந்தக் காரைச் செப்பனிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் பிறந்தது. ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். அவர்கள் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தார்கள். அடிப்பாகம் முழுவதும் தார் போன்ற கருநிறப் பூச்சைத் தடவினார்கள். மேலே பளபளக்கும் வண்ணம் அடித்தார்கள். கார் திருவிழாத் தேர்போல் வந்து நின்றது. நானும் மகிழ்ந்து போனேன்.

இரண்டு மழைக்காலம் கடந்தது. ஒருநாள் சக்கரம் மாற்றுவதற்காக ஜாக்கியை வைத்து உயர்த்தினேன். கார் எழவில்லை. ஜாக்கியின் தலை மட்டும் அடிச்சட்டத்தின் கிளை ஒன்றைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. கரும்பூச்சு தோல்போல் உரிந்து விழுந்தது. அதனுள் இரும்பு இல்லை, செம்மண் போன்ற தூள்தான் இருந்தது. அருகில் நின்ற என் பேரன், “தாத்தா, மேலே இவ்வளவு நல்லா இருக்கே, உள்ளே மட்டும் எப்படிப் போச்சு?” என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய எனக்கு அக்கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் புறப்பட்டதன் விளைவே இப்பேச்சு.

முதலில் துரு என்பது என்ன என்று பார்ப்போம். பூமியில் இரும்பு பெரும்பாலும் தனித்துக் கிடைப்பதில்லை. உயிர்வளியாகிய ஆக்சிஜனோடு கூடித் தாதுவாகவே கிடைக்கிறது. உலையில் கரியையும் வெப்பத்தையும் கொண்டு அந்தக் கூட்டைப் பிரித்து நாம் இரும்பைப் பெறுகிறோம். பிரிக்கப்பட்ட இரும்பு தன் பழைய உறவை நாடுகிறது. நீரும் ஆக்சிஜனும் கிடைத்தால் போதும். அது மீண்டும் மண்ணின் நிறத்தை அடைந்துவிடுகிறது. உப்பு கலந்த நீர் இவ்வினையை விரைவுபடுத்தும். ஆகவேதான் கடலோர ஊர்களில் இரும்புக்கு ஆயுள் குறைவு.

ஆனால், துரு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பிடிப்பதில்லை. இதன் காரணத்தைத் தெளிவாக விளக்கியவர்களுள் முதன்மையானவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உலிக் எவன்ஸ் என்பவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் செய்து காட்டிய சோதனை மிக எளியது. நன்கு தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி உப்புநீரை விடுங்கள். துளியின் விளிம்பில் நீர் மெல்லியதாக இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் இரும்பை அடைகிறது. நடுப்பகுதியில் நீர் தடித்திருப்பதால் அங்கே ஆக்சிஜன் குறைகிறது. இவ்வேறுபாட்டினால் துளிக்குள்ளேயே ஒரு சிறு மின்கலம் தோன்றுகிறது. அரிக்கப்படுவது ஆக்சிஜன் மிகுந்த விளிம்பு என்றுதானே நினைப்போம்? இல்லை. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியே கரைந்து அரிக்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையில் துரு வளையமாகப் படிகிறது. உப்புநீரில் பினாப்தலினும் பொட்டாசியம் பெரிசயனைடும் சிறிது கலந்துகொண்டால், நடுவில் நீலமும் விளிம்பில் இளஞ்சிவப்பும் தோன்றும். ஆசிரியரின் துணையோடு பள்ளிச் சோதனைச்சாலையில் இதைச் செய்து பாருங்கள்.

என் பேரனின் கேள்விக்கு விடை இத்துளியில் இருந்தது. துருவின் மேல் பூசிய தாரில் நாளடைவில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாயின. நீர் உள்ளே புகுந்தது, வெளியேற வழியில்லை. காற்றோட்டமற்ற அந்த இருண்ட இடுக்கில் இரும்பு கரைந்துகொண்டே இருந்தது. பாதுகாப்பு என்று எதை நம்பினேனோ, அதுவே பகைவனுக்கு ஒளிவிடம் ஆயிற்று!

இனி, துருவை மனிதன் எதிர்த்த வரலாற்றுக்கு வருவோம். நம் நாட்டில் இதற்குத் தலைசிறந்த சான்று தில்லியில் குதுப்மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூண். ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது அது. அதில் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு சந்திரன் என்னும் மன்னனைப் புகழ்கிறது. அவன் குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. அவ்வாறாயின், தூண் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது என்று ஆகும். அது ஏன் அழியவில்லை?

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அக்காலக் கொல்லர்கள் தாதுவைக் கரியோடு சேர்த்து உருக்கினர். சுண்ணாம்பு சேர்க்கும் வழக்கம் அன்று இல்லாமையால், தாதுவிலிருந்த பாஸ்பரஸ் கழிவோடு வெளியேறாமல் இரும்பிலேயே தங்கிவிட்டது. அதன் அளவு சுமார் 0.25 சதவீதம். இன்றைய உருக்கில் இருப்பதைவிட இது பல மடங்கு மிகுதி. மழையில் நனைந்தும் வெயிலில் உலர்ந்தும் வந்த தூணின் மேற்பரப்பில், பாஸ்பரஸ் இரும்பு பாஸ்பேட் என்னும் மெல்லிய படலமாக மாறி, கவசம்போல் மூடிக்கொண்டது. இதுவே அவர் 2000 ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட ஆராய்ச்சிகளின் சாரம்.

ஆயினும், தில்லித் தூண் துருவே பிடிக்காதது என்று எண்ணுவது பிழை. தரைக்குள் ஈரத்தில் புதைந்திருந்த அதன் அடிப்பகுதி துருப்பிடித்தே இருந்தது. நனைந்து உலரும் இடத்தில் கவசம் வளர்ந்தது. எப்போதும் ஈரமாய் இருந்த இடத்தில் வளரவில்லை. தில்லித் தூணுக்கும் என் காரின் அடிச்சட்டத்துக்கும் விதி ஒன்றுதான்.

அடுத்து, கடலுக்குச் செல்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில் மரக்கப்பல்களின் அடிப்பலகைகளைக் கடற்புழுக்கள் குடைந்து அழித்தன. அதைத் தடுக்க 1761 ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படையினர் அலாரம் என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் செப்புத் தகட்டால் மூடினர். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பிய கப்பலை 1763 இல் சோதித்தார்கள். புழுக்கள் அண்டவில்லை, ஆனால், தகடுகளைப் பிணைத்த இரும்பு ஆணிகள் பல கூழாகிப் போயிருந்தன. வியப்பு என்னவெனில், சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. காரணம் தேடினர். தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் சில இடங்களில் கிழிக்கப்படாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. தாள் இருந்த இடத்தில் ஆணி பிழைத்தது. தாள் இல்லாத இடத்தில் ஆணி அழிந்தது. கடல்நீரில் செம்பும் இரும்பும் நேரே தொடலாகாது என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர். ஒரு துண்டுத் தாள் கற்பித்த பாடம் அது.

இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்காக அழியும். இந்த உண்மையை நன்மைக்குப் பயன்படுத்தலாமே என்று எண்ணியவர் சர் ஹம்ப்ரி டேவி. செப்புத் தகடும் கடல்நீரில் மெல்ல அரிக்கப்பட்டது. 1824 இல் அவர், செம்பின் மேல் சிறு இரும்புத் துண்டையோ துத்தநாகத் துண்டையோ பொருத்தினால், அத்துண்டு தான் அழிந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். சோதனை வெற்றி பெற்றது. ஆனால், கப்பல்களில் பொருத்திய பின்னர் எதிர்பாராத கேடு ஒன்று நேர்ந்தது. செம்பு கரையாததால் அதன் நஞ்சு நீரில் கலக்கவில்லை. எனவே சிப்பிகளும் கடற்பாசியும் அடித்தட்டில் செழித்து ஒட்டிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. சில ஆண்டுகளில் கடற்படை அம்முறையைக் கைவிட்டது. இன்று எஃகுக் கப்பல்களும் கடலடிக் குழாய்களும் டேவியின் அதே தத்துவத்தால்தான் காக்கப்படுகின்றன. தோல்வி என்று ஒரு தலைமுறை ஒதுக்கியதை, மற்றொரு தலைமுறை உரிய இடத்தில் எடுத்துப் பயன்படுத்துவதை வரலாற்றில் பலமுறை காண்கிறோம்.

துத்தநாகத்தின் பெருமை மற்றொரு வழியிலும் வளர்ந்தது. உருக்கிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்துப் பூசலாம் என்பதைப் பிரெஞ்சு வேதியியலார் மலூயின் 1742 இலேயே கூறியிருந்தார். அதைத் தொழில்முறையாக்கி 1837 இல் காப்புரிமை பெற்றவர் சோரெல் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர். நம் வீட்டுக் கூரைத் தகடும் தண்ணீர் வாளியும் அந்த முறையின் வழித்தோன்றல்களே. துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தாலும் அருகிலுள்ள துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கும். வண்ணப் பூச்சுக்கு இந்தத் தியாகம் தெரியாது. அதில் கீறல் விழுந்தால், அந்தக் கீறலே துருவுக்கு வாயில்.

1906 இல் இங்கிலாந்தில் காஸ்லெட் என்பவர் பாஸ்பாரிக் அமிலத்தால் இரும்பின் மேற்பரப்பில் பாஸ்பேட் படலம் உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தில்லித் தூணில் இயற்கை நூற்றாண்டுக்கணக்கில் செய்ததை ஒத்த செயலை, மனிதன் தொட்டியில் சிறுபொழுதில் செய்யக் கற்றுக்கொண்டான் எனலாம்.

மோட்டார் காரின் கதை இங்கே வந்து சேர்கிறது. தொடக்ககாலக் கார்களின் உடல் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனது. அமெரிக்காவில் எட்வர்டு பட் என்பவரின் தொழிற்சாலை முழுதும் எஃகாலான உடலை உருவாக்கியது. 1914 இல் வெளிவந்த டாட்ஜ் கார் அவ்வகையினது. 1934 இல் பிரான்சில் வெளிவந்த சித்ரோவன் கார், தனி அடிச்சட்டம் இல்லாமல் உடலே பாரம் தாங்கும் அமைப்பைப் பெரிய அளவில் பரப்பியது. நம் நாட்டில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரும் அவ்வமைப்பு உடையதே. உடலே எலும்பாகவும் இருக்கும்போது, துரு அழகைக் கெடுக்கும் நோயாக மட்டும் நிற்பதில்லை. உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

ஹெரால்டின் கதை சற்று வேறானது. 1950களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல் செய்து தந்த தொழிற்சாலையை அதன் போட்டி நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்துகொள்ளும் வசதி இல்லாமற் போகவே, ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் பழைய வழக்கப்படி தனி அடிச்சட்டம் அமைத்து, உடலைப் பல துண்டுகளாகச் செய்து திருகாணிகளால் பூட்டினர். இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவம் தந்தார். 1959 இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்த அக்கார், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உற்பத்தியாயிற்று. அன்றைய வணிகப் போட்டி ஒன்று, இன்று என் போன்றவனுக்கு வரமாக அமைந்தது. ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் அக்காரின் உடலை வீட்டுக் கொட்டகையிலேயே பகுதி பகுதியாகக் கழற்றிவிடலாம்!

அக்காலத்துக் கார்களில் உட்குழிவான இடங்களுக்கு வண்ணம் எட்டவே இல்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் என்னும் வேதியியலார், உடல் முழுவதையும் பூச்சுத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தால் இண்டு இடுக்கெல்லாம் பூச்சு படியச் செய்யும் முறையை உருவாக்கினார். 1970களின் நடுவில் போர்ஷே நிறுவனமும், 1980களின் நடுவில் ஆடி நிறுவனமும் துத்தநாகம் பூசிய தகட்டால் கார் உடலைச் செய்தன. உங்கள் இல்லத்துப் புதிய கார் எளிதில் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு இத்தனை பேருடைய உழைப்பு காரணம்.

இப்போரில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதால் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கே உருவாயிற்று. 1948 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோக அரிமானம் அங்கே தொடக்கம் முதலே முக்கிய ஆய்வுப் பொருள். அதன் தேவையை உணர பாம்பனைப் பார்த்தால் போதும். 1914 இல் திறக்கப்பட்ட இரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்தது. தூக்குப் பகுதி அரிமானத்தால் நலிந்ததால் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் படித்த பின்னர், மீண்டும் காருக்கு அடியில் புகுந்தேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பற்றவைப்புப் பட்டறை நடத்துகிறார். அவரை அழைத்தேன். அவர் சிறு சுத்தியலால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். நல்ல இரும்பு கணீரென்றது; கெட்ட இரும்பு மொத்தென்றது. தரைத்தகடு ஓரிடத்தில் வெட்ட வேண்டுமா என்று நான் தயங்கியபோது, “சார், துருவின் மேல் வெல்டிங் நிற்காது. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டித்தான் ஆக வேண்டும்” என்றார். அன்று நான் மாணவன், அவர் ஆசிரியர்.

செய்த பணியை வரிசையாகக் கூறுகிறேன். முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்தோம். பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வெகு தூரத்தில் வைத்தோம். இதைச் செய்யாமல் பற்றவைப்புக் கருவியைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் செல்லாமல், உறுதியான இரும்புத் தாங்கிகளின் மேல் வண்டியை நிறுத்தினோம். கரும்பூச்சு முழுவதையும் சுரண்டினோம். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் ஆதலால் முகக்கவசம் அணிந்து, நீர் நனைத்தே உப்புத்தாளால் தேய்த்தோம். அரித்துப்போன பகுதிகளை வெட்டி நீக்கி, அதே கனமுள்ள புதிய தகட்டைப் பற்றவைத்தோம். கம்பித் தூரிகைக்கும் எட்டாத குழிகளில் எஞ்சிய துருவுக்குக் கையுறை அணிந்து பாஸ்பாரிக் அமிலக் கரைசலைப் பூசினோம். இது தில்லித் தூணின் பாடம். கழுவி நன்கு உலர்த்திய பின் துத்தநாக பாஸ்பேட் கலந்த அடிப்பூச்சு. தகடுகள் கூடும் மூட்டுகளில் நீர் புகாத அடைப்பு. அதன் மேல் வண்ணம். உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் புதிய ரப்பர் வில்லைகள். அலுமினியம் இரும்பைத் தொடும் இடங்களில் மெல்லிய தடுப்பு. இது அலாரம் கப்பலின் பாடம். இறுதியாக, கண்ணுக்குத் தெரியாத உட்குழிவுகளில் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சினோம். நீர் வடிவதற்கென்று அமைந்த சிறு துளைகளை முன்பு பட்டறையில் தார் அடைத்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தோம். இது எவன்ஸ் காட்டிய துளியின் பாடம்.

பதினான்கு மாதங்கள் கழிந்தன. அக்காரில் என் தங்கையை ஏற்றிக்கொண்டு, அவள் மணக்கோலத்தில் சென்ற அதே கோவிலுக்குச் சென்று வந்தேன். அவள் இருக்கையைத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

துருவை நாங்கள் வென்றுவிட்டோமா? இல்லை. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்தபின் பேரனும் நானும் காருக்கு அடியில் விளக்குப் பிடித்துப் பார்க்கிறோம். புள்ளி தென்பட்டால் அன்றே சுரண்டிப் பூசுகிறோம். துருவுக்கு எதிரான வெற்றி ஒருநாளில் பெற்று முடிப்பது அன்று; நாள்தோறும் காத்து வருவது.

மாணவர்களே! குறையை மூடி மறைப்பது எளிது. மறைத்த குறை இருளில் வளரும். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நல்ல இரும்பு தெரியும் வரை சுரண்டுவது கடினம். ஆனால் அதன் மேல் வைத்த பூச்சுதான் நிற்கும். கொல்லனும் கப்பலோட்டியும் வேதியியலாரும் தங்கள் தோல்விகளை மறைக்காமல் எழுதி வைத்ததனால்தான் இன்று இவ்வளவும் நமக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கணக்கு ஏட்டில் வரும் பிழையாயினும், நாளை நீங்கள் கட்டப்போகும் பாலத்தில் வரும் பிழையாயினும், முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பிறகு வண்ணம் பூசலாம்.